பல் பதித்த வாரும் பால்மரத் தோட்டமும்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில், தெப்ராவ் வட்டாரத்தைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் உலு திராம். 'உலு' என்பது ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும் மலாய்ச் சொல். 'திராம்' என்பது சிப்பி. சிப்பி ஆற்றின் தலைப்பக்கம் என்று பெயரை விரித்துரைக்கலாம். ஆயினும், அவ்வூரில் வாழ்ந்த தமிழர் சிப்பியைத் தேடி வந்தவரல்லர். பால்மரக் காட்டில் விடியுமுன் கத்தி பிடித்தவர்கள். பின்னாளில் செம்பனைக் குலை வெட்டியவர்கள். அதற்கும் பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பாசிர் கூடாங்கிலும் தெப்ராவிலும் ஜொகூர் நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரிலும் தொழிற்சாலை வேலை தேடிச் சென்றவர்கள்.

அவ்வூரைத் தொட்டுச் செல்லும் சாலை, மெர்சிங், குவாந்தான், கோலத் திரங்கானு என்று கிழக்குக் கரை நெடுக ஓடி, வடக்கே கோத்தா பாருவை எட்டுகிறது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை கரையேறியது அந்தக் கோத்தா பாருவின் கடற்கரையில்தான். எழுபதே நாள்களில், 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் வீழ்ந்தது. உலகின் ரப்பர் தேவையில் பெரும்பங்கை நிறைவு செய்துவந்த மலாயாத் தோட்டங்களும் கிழக்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களும் நேச நாடுகளின் கையைவிட்டு நழுவின. மரத்திற்கு மரம் பால் வடிந்தும் வாங்குவாரில்லை. பால் வெட்டிய தமிழருள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். இவ்வரலாறு தமிழ் வாசகர் நன்கறிந்ததே. ஆனால் அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் நிகழ்ந்த மற்றொன்று, அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று, இரண்டு தலைமுறை கழித்து அத்தோட்ட மக்களின் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்ந்தது. மோட்டார் வண்டியின் முன்மூடிக்குள், ஒரு கறுப்பு உறைக்குப் பின்னால், எவர் கண்ணிலும் படாமல் சுழலும் பல் பதித்த ரப்பர் வார்தான் அது. பட்டறைக்காரர்கள் அதனை 'டைமிங் பெல்ட்' என்பர்.

அதன் வேலை யாதெனில், எஞ்சினின் அடியிலுள்ள கிராங்குத் தண்டும் மேலேயுள்ள கேம் தண்டும் ஒன்றையொன்று பிசகாமல் சுழலச் செய்வது. கிராங்குத் தண்டு இருமுறை சுழன்றால் கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கேம் தண்டு வால்வுகளைத் திறந்து மூடும்; கிராங்குத் தண்டு பிஸ்டன்களை ஏற்றி இறக்கும். வால்வு கீழிறங்கிக் காற்றை உள்ளே விடும் கணத்தில் பிஸ்டன் மேலே இருக்கலாகாது. பல எஞ்சின்களில் இவ்விரண்டும் ஒரே வெற்றிடத்தை மாறி மாறிப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒரு வீட்டின் ஒற்றைப் படுக்கையில் இரவு வேலைக்காரனும் பகல் வேலைக்காரனும் முறைவைத்து உறங்குவதைப் போன்ற ஏற்பாடு அது. முறையைக் காப்பது அந்த வார். வார் அறுந்தால் கேம் தண்டு அசையாது நின்றுவிடும். பிஸ்டன்களோ வண்டியின் வேகத்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். திறந்தபடி நின்ற வால்வுகளைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடும். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் இச்செயலுக்குப் பின் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றாமல் வழியில்லை.

பழைய வண்டிகளுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. 1950களிலும் 60களிலும் தோட்டத்துத் துரைமாரும் கிராணிமாரும் ஓட்டிய மோரிஸ் மைனரிலும், பின்னர் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு வாய்த்த டாட்சன் 120ஒய் வண்டியிலும், கேம் தண்டு எஞ்சினின் கீழேயே இருந்தது. சிறியதோர் இரும்புச் சங்கிலி அதனைச் சுழற்றியது. நீண்ட தள்ளுகோல்கள் வால்வுகளைத் திறந்தன. சங்கிலி தேய்ந்தால் கலகலவென்று ஒலி எழுப்பும். அவ்வொலி மாதக்கணக்கில் கேட்கும். காதுள்ளவன் நேரம் பார்த்துப் பட்டறைக்குப் போவான். எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டுமாயின் கேம் தண்டை வால்வுகளுக்கு அருகே, மேலே ஏற்ற வேண்டும். மேலே ஏற்றினால் இடைத்தூரம் கூடும்; சங்கிலி நீளும்; விலையும் இரைச்சலும் எடையும் கூடும். அதற்கு மாற்றாக வந்ததே ரப்பர் வார்.

அவ்வார் மோட்டார் வண்டிக்காகப் பிறந்ததன்று என்பது வியப்பூட்டும் செய்தி. 1940களில் அமெரிக்காவில் ரிச்சர்டு கேஸ் என்பவர் தையல் இயந்திரத்துக்காக அதனை உருவாக்கினார். சிங்கர் இயந்திரத்தின் மேலுள்ள ஊசியும் கீழுள்ள நூற்கண்டும் இம்மியும் பிசகாமல் சேர்ந்து இயங்க வேண்டும். வழுவழுப்பான வார் வழுக்கும், சங்கிலி இரையும். ஆகவே வாரின் உட்பக்கம் பற்கள் பதிக்கப்பட்டன. தோட்ட வீடுகளின் முன்கூடத்தில் சிங்கர் இயந்திரத்தை மிதித்துத் தீபாவளிச் சட்டைகளைத் தைத்த தாய்மார்களுக்கும், அவர்தம் பேரன்மார் ஓட்டும் கார்களுக்கும் இடையே இப்படியொரு உறவு இருக்கிறது.

கேஸ் பணியாற்றிய நிறுவனம் அமெரிக்க ரப்பர் நிறுவனத்தைச் சேர்ந்தது. 1961இல் யூனிராயல் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம்தான். சுமத்திராவின் கிசாரானிலும், மலாயாவில் கெடா மாநிலத்து ஹார்வார்டு தோட்டத்திலும் அதற்குப் பால்மரங்கள் இருந்தன. ஹார்வார்டு தோட்டத்தில் பால் வெட்டியவர்களுள் தமிழர் மிகுதி. ஒருபுறம் தமிழன் வெட்டிய பாலை வாங்கிய நிறுவனம், மறுபுறம் அந்தப் பால் தேவைப்படாத ஒரு வாருக்கும் வழி வகுத்தது. டைமிங் பெல்ட்டில் இயற்கை ரப்பர் நிலைக்காது. எஞ்சினின் வெப்பத்தில் அது விரைவில் கெட்டுப்போகும். எண்ணெய் பட்டால் ஊதி இளகும். காற்றிலுள்ள ஓசோன் அதன் மேனியை வெடிக்கச் செய்யும். எனவே 1931இல் டூபாண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய குளோரோப்ரீன் எனும் செயற்கை ரப்பரே, நியோப்ரீன் என்று பெயர் பெற்றதே, இவ்வகை வார்களுக்கு நெடுங்காலம் உடலாக அமைந்தது. உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள். பற்களின் மேல் நைலான் துணிப் போர்வை. மலாயாத் தோட்டங்கள் சப்பானியர் கையிலிருந்தபோது அமெரிக்க அரசு பெரும் பொருட்செலவில் செயற்கை ரப்பர்த் தொழிலை வளர்த்தது. போர் முடிந்தபின் அத்தொழில் மறையவில்லை. பால்மரத்துக்கு நிலையான போட்டியாக நின்றுவிட்டது.

கார் எஞ்சினில் இவ்வாரைத் துணிந்து பூட்டியவர்கள் முதலில் பந்தயக்காரர்கள். 1950களின் நடுவில் அமெரிக்கரான பில் டெவின், பனார்டு எஞ்சினொன்றை மாற்றியமைத்துப் பல்வாரைப் பொருத்தினார். பெருந்தொகையாக விற்கப்பட்ட கார்களில் அதனை முதலில் கொண்டுவந்த பெருமை செருமனியின் பவேரியாவைச் சேர்ந்த கிளாஸ் நிறுவனத்துக்கு உரியது. வேளாண் கருவிகள் செய்துவந்த சிறு நிறுவனம் அது. 1962இல் அதன் 1004 வண்டி தெருவுக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் அஞ்சியதைச் சிறியவன் செய்து காட்டினான். ஆனால் 1966இல் அந்நிறுவனத்தையே பி.எம்.டபிள்யூ. விலைக்கு வாங்கிவிட்டது. அதே 1966இல் அமெரிக்காவில் பான்டியாக் நிறுவனமும், இத்தாலியில் பொறியாளர் அவுரேலியோ லாம்பிரடி வடித்த இரட்டைக் கேம் எஞ்சினைக் கொண்டு ஃபியட் நிறுவனமும் பல்வாரை ஏற்றன. அதன்பின் தடுப்பாரில்லை. 1970களில் ஐரோப்பாவிலும் சப்பானிலும் சிறிய கார்களின் பொது வழக்கம் அதுவே ஆயிற்று. தமிழகத்துத் தெருக்களுக்கு அது பரவலாக வந்தது 1983 டிசம்பரில் வெளியான மாருதி 800 வழியாக. அம்பாசிடரையும் பத்மினியையும் மட்டுமே அறிந்திருந்த மெக்கானிக்குகள், எஞ்சினுக்குள் ரப்பரா என்று ஐயுற்றதில் பிழையில்லை.

மலேசியாவுக்கு அந்தக் கணம் 1985 சூலை 9. அன்று பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது முன்னிலையில் புரோட்டோன் சாகா அறிமுகமானது. மலாய் மொழியில் சாகா என்பது செந்நிற விதை தரும் ஒரு மரம். தமிழர் மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் அழைக்கும் அதே மரம். மணி எடைக்குப் பொற்கொல்லர் பயன்படுத்திய விதையின் பெயர் தேசியக் காருக்கு வாய்த்தது பொருத்தமே. வண்டியின் உடலும் எஞ்சினும் மிட்சுபிசி நிறுவனத்தின் வடிவமைப்பு. 1.3 லிட்டர் ஓரியன் எஞ்சினின் தலையில் கேம் தண்டு. அதனைச் சுழற்றுவது ரப்பர் வார்.

1985 மலேசியப் பொருளாதாரம் சுருங்கிய ஆண்டு. ஆயினும் தேசியக் கார் என்பதாலும், கடன் வசதியாலும், வெளிநாட்டுக் கார்களைவிட விலை தாழ்ந்திருந்ததாலும், நடுத்தரக் குடும்பங்கள் சாகாவை வாங்கத் தொடங்கின. சில ஆண்டுகளில் அவ்வண்டிகளே கைமாறிக் கைமாறித் தோட்டப்புறங்களுக்கு வந்தன. 1993இல் வீரா, 1994 ஆகஸ்டில் சருகுமானின் பெயர் தாங்கிய பெரோடுவா கஞ்சில், 2004இல் கேம்ப்ரோ எஞ்சின் பூண்ட ஜென்-2 என்று அடுத்தடுத்து வந்த உள்நாட்டு வண்டிகளும் பல்வாரையே கொண்டிருந்தன. இக்காலத்தேதான் தோட்டங்களும் துண்டாடப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் மலேசியாவைத் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முந்திச் சென்றன. தோட்டக் குடியிருப்பிலிருந்து பெயர்ந்தவர்க்கு வேலை நெடுந்தொலைவில், பேருந்தோ அரிது. அவர்களுக்குக் கார் ஆடம்பரமன்று. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே போடப்பட்ட பாலம். முதல் காரை வாங்கிய தோட்டத்து மகன், தன் தந்தை கண்டிராத ஒரு முடிவை எடுக்க வேண்டியவனானான்: இந்த வாரை எப்போது மாற்றுவது?

இக்கேள்வி எளிதன்று. பால்மரம் தன் நிலையை நாள்தோறும் சொல்லும். பட்டை தடித்தால், பால் குறைந்தால், வெட்டுமுகம் வறண்டால் வெட்டுபவனின் விரலே அறியும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் தேய்ந்தால் காதுக்குக் கேட்கும். பல்வாரோ ஒன்றும் சொல்வதில்லை. நேற்றுவரை ஓடியது போலவே இன்றும் ஓடும், இன்றே அறும். அறுவதற்கு முந்திய நொடிவரை வண்டியின் இழுவையிலோ ஒலியிலோ பெரும்பாலும் வேறுபாடு இராது. ஆகவே, இதில் முடிவு அறிகுறியைக் கொண்டு எடுக்கப்படுவதன்று. கணக்கைக் கொண்டு எடுக்கப்படுவது. கண்ணால் கண்டதையே நம்பிப் பழகிய ஒரு சமுதாயத்துக்கு இது புதிய பாடம்.

தொடக்க காலத்தில் ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்கு 60,000 கிலோ மீட்டர் என்ற எல்லை வழக்கிலிருந்தது. சப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 100,000 கிலோ மீட்டர். தூரத்தை இன்னும் 'கட்டை'யில் சொல்லிப் பழகிய மூத்தோர், கையேட்டிலிருந்த மைலைக் கிலோ மீட்டராகவும் கிலோ மீட்டரை மைலாகவும் மயங்கிக் கொண்டிருக்கக்கூடிய காலம் அது. முன்னதால் செலவு மட்டுமே. பின்னதால் எஞ்சினே போகும்.

100,000 கிலோ மீட்டர் என்பதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோ மீட்டர் செல்கிறது. கிராங்குத் தண்டு நிமிடத்துக்கு 2,500 முறை சுழல்கிறது எனக் கொண்டால், 100,000 கிலோ மீட்டரில் 25 கோடி முறை சுழலும். அத்தனை முறையும் வார் வளைந்து நிமிர்கிறது. இது திறந்த சாலைக் கணக்கு. உலு திராமிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவரின் கணக்கு வேறு. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம், நூறாண்டுகளாகியும் காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் அடைத்துக் கிடக்கிறது. 1998இல் துவாஸில் இரண்டாவது பாலம் திறந்தும் நெரிசல் தீர்ந்தபாடில்லை. ஒருவர் நாளொன்றுக்கு 60 கிலோ மீட்டர் ஓட்டுகிறார். ஒரு மணி நேரம் ஓட்டம், இரண்டு மணி நேரம் நெரிசலில் நிற்பது என்று வைத்துக்கொள்வோம். 100,000 கிலோ மீட்டர் முடியும்போது அவருடைய எஞ்சின் 1,667 மணி நேரமன்று, 5,000 மணி நேரம் ஓடியிருக்கும். நிற்கும் வேளையில் நிமிடத்துக்கு 800 சுழற்சி எனினும் அதுவே 16 கோடி. ஆக மொத்தம் 41 கோடி. திறந்த சாலை வண்டியின் 25 கோடிச் சுழற்சியை இவர் 61,000 கிலோ மீட்டரிலேயே தொட்டுவிடுகிறார். காற்றோட்டமின்றி வெயிலில் நின்ற எஞ்சினின் வெப்பம் ரப்பரைச் சுடுவது இக்கணக்கிற் சேரவில்லை. தூரம் காட்டும் கருவி நின்ற வண்டிக்கு எதையும் எழுதுவதில்லை, வார் எழுதிக்கொள்கிறது.

மறுகோடியில் இன்னொருவர்: பணி ஓய்வு பெற்றவர், வண்டியைக் கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டுமே எடுப்பவர். ஆண்டுக்கு 5,000 கிலோ மீட்டர் என்றால் 100,000 ஆக இருபது ஆண்டுகள் செல்லும். அதுவரை வார் காத்திராது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். வெப்ப நாட்டில் விரைந்தே முதுமையடையும். எனவேதான் தூரத்தோடு ஆண்டுக் கணக்கும் சேர்க்கப்பட்டது. ஐந்து முதல் ஏழு ஆண்டு என்பது பல பட்டறைகளில் நிலவும் வழக்கு. இரண்டில் எது முன்னே வருகிறதோ அதுவே எல்லை என்பது விதி. குறைவாக ஓடிய பழைய வண்டி என்று பெருமையோடு விற்கப்படும் வண்டிகளே இவ்வகையில் ஐயத்துக்குரியவை.

கைமாறிய வண்டிகளில்தான் சிக்கல் முற்றுகிறது. தூரம் காட்டும் கருவியைப் பின்னோக்கித் திருப்பும் தீய பழக்கம் எந்நாட்டிலும் உண்டு. மலேசியாவில் தனியார் வண்டி உரிமை மாறும்போது பரிசோதனை நிலையத்தில் எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் சரிபார்ப்பர். வாரின் உறையைக் கழற்றிப் பார்ப்பாரில்லை. பழைய உரிமையாளர் 'மாற்றியாகிவிட்டது' என்று சொல்லும் சொல்லைத் தவிரச் சான்று ஏதுமிராது. பட்டறைக்காரர்கள் இதற்கொரு நல்வழி கண்டனர். வாரை மாற்றியதும், மாற்றிய நாளையும் அப்போதைய கிலோ மீட்டரையும் ஒரு சிறு தாளில் எழுதி முன்மூடியின் உட்புறத்திலோ உறையின் மேலோ ஒட்டிவைப்பர். அந்தத் தாள் இல்லாத வண்டியை, மாற்றப்படாத வண்டி என்றே கொள்வது அறிவுடைமை.

வாரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாகாதா என்று கேட்போர் உண்டு. நியோப்ரீன் காலத்தில் அதற்கு ஓரளவு இடமிருந்தது. முதுகில் வெடிப்பு, ஓரத்தில் பிசிறு, பல்லடியில் கீறல் ஆகியவற்றைக் கண்டு எச்சரிக்கையடையலாம். 1980களில் ஹைட்ரசன் ஏற்றிய நைட்ரைல் ரப்பர் வந்தது. வெப்பத்தையும் எண்ணெயையும் முன்னதைவிட நன்கு தாங்கும் பொருள் அது. வாரின் ஆயுள் நீண்டது. ஆனால் வெளித்தோற்றம் காட்டிக்கொடுப்பதும் குறைந்தது. மேனியில் ஒரு கீறலுமின்றி, உள்ளே பற்களின் துணி தேய்ந்தும் கண்ணாடி இழை நொய்ந்தும் இருக்கும். கண்ணாடி இழைக்கு மற்றொரு குணமும் உண்டு: இழுவையைத் தாங்கும், மடிப்பைத் தாங்காது. புது வாரைக் கூர்மையாக மடித்தாலோ, முறுக்கினாலோ, உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாலோ உள்ளிழைகள் ஒடியும். பூட்டும்போது ஒன்றும் தெரியாது. பட்டறைச் சுவர் ஆணியில் வார்களை மாலைபோல் தொங்கவிடும் காட்சி அழகாக இருக்கலாம். வாருக்கு அது நல்லதன்று.

வாரோடு வேறு சிலவும் உள்ளன. வாரை இறுக்கிப் பிடிக்கும் உருளை, வழிகாட்டும் உருளை, பல எஞ்சின்களில் அதே வாரால் சுழலும் தண்ணீர்ப் பம்பு, தண்டு முனைகளில் எண்ணெய் கசியாது காக்கும் சீல்கள். வார் நல்லதாக இருக்க, இறுக்கும் உருளையின் பேரிங் இறுகிப்போய் வாரை அறுத்த கதைகள் பட்டறைகளில் ஏராளம். பம்பு ஒழுகினாலும் சீல் கசிந்தாலும் புது வார் நனைந்து கெடும். வேலையின் பெரும்பகுதி கழற்றி மாட்டுவதற்கே ஆகிறது. ஆகவே, கழற்றிய வேளையில் அனைத்தையும் மாற்றிவிடுவதே சிக்கனம். 'வாரை மட்டும் மாற்றிக் கொடு' என்று கேட்பவன் இன்று சேமிப்பதை ஓராண்டுக்குள் இருமடங்காகக் கொடுக்க நேரிடலாம். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் அகப்பட்ட வண்டிக்குக் கணக்கே வேண்டா. சேறு புகுந்த உறைக்குள் இருக்கும் வாரை உடனே மாற்றுவதே முறை.

இத்தனையும் அறிந்தும் மக்கள் ஏன் தள்ளிப்போட்டார்கள்? அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது, அஃது உண்மையாகாது. தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் முதன்முறையாகச் சட்டமானபோது, 2013 சனவரியில், அத்தொகை 900 வெள்ளி. வார், உருளை, பம்பு, கூலி என்று சில நூறு வெள்ளி ஆகும் வேலை, அச்சம்பளக்காரருக்குப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் போட்டியாக நின்றது. நன்றாக ஓடும் வண்டிக்கு, நன்றாக இருப்பதாகவே தோன்றும் ஒரு பொருளை மாற்ற, இல்லாத காசைக் கொடுப்பது எளிதன்று. 'இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்' என்ற சொல் அங்கிருந்து பிறக்கிறது. அந்த மாதம் பெரும்பாலும் தீங்கின்றிக் கழிந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. கழிந்த ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்துக்குத் துணிவு தருகிறது.

அறுந்தவர்க்கு நேர்வது என்ன? ஓடும் எஞ்சின் சட்டென நிற்கும். பவர் ஸ்டியரிங் கொண்ட வண்டியில் சுக்கான் கனக்கும். பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்து, பிரேக் கல்லாகும். பின்னால் சரக்கு லாரிகள் விரையும் கோத்தா திங்கிச் சாலையில், இரவு வேலை முடித்துத் திரும்புபவருக்கு இது பண இழப்போடு நிற்கும் செய்தியன்று. உயிர் பிழைத்து ஓரங்கட்டியவர் மறுநாள் பட்டறையில் கேட்பது வளைந்த வால்வுகளின் கணக்கு. எஞ்சின் தலையைச் செப்பனிடுவதா, அல்லது சப்பானிலிருந்து வெட்டி வரும் வண்டிகளின் பழைய எஞ்சினொன்றை வாங்கிப் பூட்டுவதா என்ற கேள்வியில், சில நூறு வெள்ளி சில ஆயிரம் வெள்ளியாகிறது. வண்டியில்லாத வாரங்களில் வேலைக்குப் போகும் வழியும் அடைபடுகிறது. எல்லா எஞ்சின்களும் இவ்வாறு நொறுங்குவதில்லை. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போதிய இடைவெளி விட்ட பழைய எஞ்சின்கள் சில, வார் அறுந்தும் சேதமின்றி நிற்கும். புது வார் பூட்டினால் மீண்டும் ஓடும். ஒரு வண்டியில் தப்பியவர் அடுத்த வண்டியிலும் தப்பலாம் என்று எண்ணியதே பலருக்கு வினையாயிற்று. பதினாறு வால்வு எஞ்சின்கள் பெருகியபின் அந்த இடைவெளி பலவற்றில் இல்லாது போயிற்று.

2005இல் பெரோடுவா மைவி வந்தபோது அதன் எஞ்சினில் வாருக்குப் பதில் சங்கிலி இருந்தது. மோரிஸ் மைனர் காலத்துச் சங்கிலி, புதிய உருவில் திரும்பி வந்தது. மாற்ற வேண்டாத சங்கிலி என்று அதனை வாங்கியோர் மகிழ்ந்தனர். ஆனால் சங்கிலி எஞ்சின் எண்ணெயில் குளித்து வாழ்வது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாதவனுக்குச் சங்கிலியும் நீண்டு தளர்ந்து கேடு செய்யும். 2012இல் ஃபோர்டு நிறுவனம் எண்ணெயிலேயே நனைந்து ஓடும் வாரைச் சிறிய எஞ்சினொன்றில் கொண்டுவந்தது. பின்னர் அவ்வகை எஞ்சினின் கேம் தண்டுக்குச் சங்கிலிக்கே மாறிற்று. எண்ணெயை வாரின் பகைவனென்று ஐம்பதாண்டுகள் சொல்லிவந்த பட்டறை முதியோர் அதனைக் கேட்டுச் சிரித்திருப்பர்.

உலு திராமின் சாலையோரங்களில் இன்றும் பழைய சாகாக்களும் வீராக்களும் கஞ்சில்களும் ஓடுகின்றன. தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த வரிசை வீடுகளின் முன் நிற்கின்றன. அவற்றின் முன்மூடியைத் தூக்கினால், சிலவற்றில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். மங்கிய மையில் ஒரு தேதி. அதனருகே ஆறு இலக்கத்தில் ஓர் எண்.